முத்துஸ்வாமி தீக்ஷிதரும் அவர்தம் இசைக் கணக்கும்

தூத்துக்குடியிலிருந்து மதுரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், உப்பளங்களையும் உடைமரக் காடுகளையும் கடந்து, எப்போதும்வென்றான் என்னும் வீரப் பெயர் பூண்ட சிற்றூரையும் தாண்டிச் சென்றால், கரிசல் நிலத்தின் நடுவே எட்டயபுரத்தை அடைவர். அவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் நம் மாணவர்கட்கு நினைவில் வருபவர் 1882-ஆம் ஆண்டில் ஆங்குப் பிறந்த பாரதியாரே. அது முறையுமாம். ஆயினும், பாரதியார் பிறப்பதற்கு நாற்பத்தேழு ஆண்டுகட்கு முன்னர் அதே ஊரில் உயிர் நீத்து, அம்மண்ணிலேயே அடக்கமான பெரியார் ஒருவர் உளர். கர்நாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவராகிய முத்துஸ்வாமி தீக்ஷிதரே அவர். அவ்வூர் வழியாகப் பன்முறை பிரயாணம் செய்தும் அவர் சமாதி அங்கிருப்பதை அறியாதார் நம்முள் பலர்.

தீக்ஷிதரின் பக்தியையும் வீணை வன்மையையும் வடமொழிப் புலமையையும் இசைவாணர் பலர் விரித்து எழுதியுள்ளனர். யாம் ஈண்டு எழுதப் புகுவது, கணிதம் பயிலும் மாணவன் ஒருவன் அவர் வரலாற்றைப் பார்க்கும் பார்வையில் ஆகும். அதற்கு முன்னர்க் கடற்கரை வரை ஒருமுறை சென்று வருதல் வேண்டும்.

நம் கரையில் சங்கு குளிப்போர் எடுத்துவரும் சங்கொன்றைக் கையில் எடுத்து நோக்குக. நுனியிலுள்ள மிகச் சிறிய சுற்றும், அதற்கடுத்த சுற்றும், அதனினும் பெரிய சுற்றும் வடிவத்தால் ஒத்தவை. அளவினால் மட்டுமே வேறுபட்டவை. உள்ளே வாழும் உயிர் தான் வளருந்தோறும் தன் வீட்டை இடித்துக் கட்டுவதில்லை. முன்பு கட்டிய வடிவத்தையே பெருக்கிக்கொண்டு போகின்றது. பேஸல் நகரத்துக் கணித அறிஞர் யாக்கோபு பெர்னூலி என்பார் இவ்வகைச் சுருளில் உள்ளம் பறிகொடுத்துத் தம் கல்லறையின்மேல் அதனைப் பொறிக்க வேண்டுமென விரும்பினார். 1705-இல் அவர் இறந்தபின் கல்தச்சன் வேறொரு சுருளைத் தவறாகச் செதுக்கிவிட்டான் என்பது கணித வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. இவ்வாறு பகுதியானது முழுமையை ஒத்திருக்கும் இயல்பைத் தன்னொப்புமை என்பர்.

பெனுவா மாண்டெல்பிராட் என்னும் அறிஞர் 1967-இல் பிரிட்டன் நாட்டுக் கடற்கரையின் நீளம் யாது என்றொரு வினாவை எழுப்பினார். அளவுகோல் சிறிதாகுந்தோறும் கரையின் நீளம் மிகுந்துகொண்டே போகும் என்பதே அவர் காட்டிய விடை. தூத்துக்குடி முதல் பாம்பன் வரையுள்ள நம் கரையைப் படத்தில் அளப்பவனும், படகில் அளப்பவனும், மணலில் நடந்து அளப்பவனும் மூன்று வேறு எண்களையே சொல்லுவர். இத்தகைய வடிவங்கட்கு 1975-இல் அவர் ஃபிராக்டல் எனப் பெயரிட்டார். அதே ஆண்டில் வாஸ், கிளார்க் என்னும் இருவர், இசையில் ஒலியின் ஏற்றத்தாழ்வுகள் குறுகிய நேரத்தில் எவ்வாறோ நெடிய நேரத்திலும் அவ்வாறே அமைந்திருத்தலை அளந்து வெளியிட்டனர். பின்னர் 1986-இல் புருசின்கீவிச் என்பார், தனக்குள் தானே மடிந்து செல்லும் வளைகோடுகளைக் கணிப்பொறியால் வரைந்து, அக்கோட்டின் ஏற்ற இறக்கங்களை ஸ்வரங்களாக வாசிக்கும் முறையைக் காட்டினர். இவ்வகை வளைகோடுகளுக்கு நெருங்கிய உறவான நம் வாயிற்கோலங்களை, 1970-களில் தாம்பரத்துச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி முதலியோர் கணித இலக்கணத்துள் அடக்கி ஆராய்ந்தனர் என்பதையும் ஈண்டுச் சொல்லாமல் விடலாகாது.

தீக்ஷிதர் இக்கணிதத்தை முன்னரே அறிந்திருந்தார் என்று கூறுவோமாயின் அது பொய்யாகும். அவர் அறிந்தது தம் முன்னோர் தந்த இசைக்கணக்கு ஒன்றையே. அக்கணக்கினுள் தன்னொப்புமை பல இடங்களில் மறைந்து கிடந்தது. அதனை அவர் எவ்வாறு பயன்கொண்டார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

விரிஞ்சிபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட இராமஸ்வாமி தீக்ஷிதர் திருவாரூரில் வாழ்ந்த காலத்தில் அவருக்கு மூத்த மகனாகப் பிறந்தவர் முத்துஸ்வாமி. வைத்தீஸ்வரன்கோயில் முத்துக்குமாரஸ்வாமியின் அருளால் பிறந்தமையின் அப்பெயர் இடப்பட்டது. குடும்ப வழக்கின்படி அவர் பிறப்பு மன்மத வருஷம் பங்குனி மாதம் கிருத்திகை நாள். அதனைக் கிறிஸ்துவ ஆண்டாக மாற்றுவோர் 1775 என்றும் 1776 என்றும் இருவேறாக எழுதுகின்றனர். மன்மத வருஷத்துப் பங்குனி 1776 மார்ச்சில்தான் விழுகின்றது. தியாகராஜரும் சியாமா சாஸ்திரியாரும் அதே திருவாரூரில் அவருக்குச் சில ஆண்டுகள் முன்னரே பிறந்திருந்தனர்.

தந்தையார் சாமானியர் அல்லர். ஹம்ஸத்வனி இராகத்தை உண்டாக்கியவர் என்று போற்றப்படுபவர். நூற்றெட்டு இராகங்களும் நூற்றெட்டுத் தாளங்களும் கோத்த மாலை ஒன்றைப் பாடியவர். அம்மாலையின் ஒரு பகுதியே இன்று கிடைக்கின்றது, எஞ்சியது அழிந்துபட்டது. வேங்கடமகியின் வழிவந்தவரிடம் அவர் பயின்றவராதலின், அக்கணக்கே மகனுக்குத் தாய்ப்பாலாயிற்று.

அக்கணக்கு யாதெனின், வேங்கடமகி என்பார் தஞ்சை நாயக்கர் காலத்தில், ஏறக்குறைய 1650-இல், சதுர்தண்டிப் பிரகாசிகை என்னும் நூலில் வகுத்த எழுபத்திரண்டு மேளங்கள். ஸட்ஜமத்திற்கும் மத்தியமத்திற்கும் இடையே நான்கு ஸ்வர இடங்கள் உள. அவற்றுள் இரண்டை ரிஷபமாகவும் காந்தாரமாகவும் தெரிந்துகொள்ளும் வழிகள் ஆறு என்பதைக் கணித மாணவர் உடனே காண்பர். பஞ்சமத்திற்கும் மேல் ஸட்ஜமத்திற்கும் இடையேயும் அவ்வாறே நான்கு இடங்கள். தைவத நிஷாதங்கட்கும் ஆறே வழிகள். ஆறும் ஆறும் பெருக்க முப்பத்தாறு. மத்தியமம் இருவகைப்படுதலின் எழுபத்திரண்டு. ஸ்தாயியின் மேற்பாதி, கீழ்ப்பாதி எந்த ஆறு வடிவங்களைக் கொள்ளுமோ அதே ஆறு வடிவங்களைக் கொள்ளுகின்றது என்பதே இதன் உயிர்நாடி. சுத்த மத்தியம மேளங்களுள் இருபாதியும் ஒரே வடிவமாய் அமைந்தவை 1, 8, 15, 22, 29, 36 என்னும் ஆறு எண்களில் நிற்கின்றன. ஏழேழாக ஏறும் இவ்வரிசையை ஐயமுடையார் தாமே போட்டுப் பார்க்க. இவற்றுள் பதினைந்தாவது மாயாமாளவகௌளை. ஸட்ஜமத்திலிருந்து மத்தியமம் வரை ஏறும் படிகள் எவ்வளவு எவ்வளவோ, பஞ்சமத்திலிருந்து மேல் ஸட்ஜமம் வரையும் அவ்வளவே. இசை பயிலப் புகும் குழந்தைக்கு இந்த இராகமே முதற்கண் கற்பிக்கப்படுதற்கு இவ்வெளிமையும் ஒரு காரணமாதல் வேண்டும்.

நிற்க. சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் முதலியார் குடும்பத்தாரின் ஆதரவில் இராமஸ்வாமி தீக்ஷிதர் சில காலம் வாழ்ந்தார். அங்கே கும்பினியாரின் பாண்டு வாத்தியத்தைச் சகோதரர்கள் கேட்டனர். தம்பி பாலுஸ்வாமி மேனாட்டுப் பிடில் கற்று அதனை நம் இசைக்கு இசைவித்தார். இன்று கச்சேரி மேடைதோறும் காணும் பிடிலுக்கு அதுவே தொடக்கங்களுள் ஒன்று. தமையனார் அம்மேனாட்டு மெட்டுக்களில் வடமொழிச் சொற்களை அமைத்து ஏறக்குறைய நாற்பது நோட்டு ஸ்வர ஸாஹித்தியங்களைச் செய்தார். ஆங்கில அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டில் சியாமளா தேவியைப் பாடிய பாட்டும் அவற்றுள் அடங்கும். அந்நிய மெட்டென்று அவர் அருவருக்கவுமில்லை. அதில் மயங்கித் தம் வழியை விடவுமில்லை.

சிதம்பரநாத யோகி என்னும் துறவி அவரைத் தம்முடன் காசிக்கு அழைத்துச் சென்றார். சில ஆண்டுகள் அங்கே தங்கி வேதாந்தமும் மந்திர சாஸ்திரமும் பயின்றதோடு வடநாட்டு இசையையும் செவியாரக் கேட்டார். அவர் கிருதிகளில் காணும் விளம்ப நடை, யானை நடப்பது போன்ற அவ்வமைதி, வடநாட்டுத் துருபதத்தின் சாயல் என்பர் அறிந்தோர். கங்கையில் கிடைத்ததாக வழிவழி கூறப்படும் வீணையுடன் தெற்கே திரும்பித் திருத்தணிகையை அடைந்து, அங்கே முதற் கிருதியைப் பாடினார். குருகுஹ என்னும் முத்திரையும் அன்றுமுதல் வழங்குவதாயிற்று. அம்முதற் கிருதி எந்த இராகத்தில் அமைந்தது? மேற்கூறிய மாயாமாளவகௌளையிலேயே.

பின்னர்க் காஞ்சிபுரம், திருவாரூர், தஞ்சாவூர் முதலிய தலங்களில் அவர் வாழ்ந்த ஆண்டுகளே மிகுதியான பாடல்கள் பிறந்த காலம். தஞ்சை நால்வரெனப்படும் பொன்னையா முதலிய சகோதரர்கள் அவரிடம் பயின்றனர். பாட்டுக்களைத் தனித்தனியே பாடி விடுவது அவர் இயல்பன்று, தொகுதியாகவே கண்டார். வேற்றுமை எட்டு என்றால் எட்டுக்கும் எட்டுக் கிருதிகள். கமலாம்பிகையின் சக்கரத்துக்கு ஆவரணம் ஒன்பது என்றால் ஒன்பது கிருதிகள். வாரநாள் ஏழுக்கும் ஏழு கிருதிகள், அவ்வேழுக்கும் துருவம் முதல் ஏகம் ஈறாகிய ஏழு தாளங்கள். மாணாக்கர் தம்பியப்பனின் வயிற்று நோய் தீரவே வியாழனைப் பாடினார் என்றொரு கதை உண்டு. நோய் தீர்ந்ததை நம்புவோரும் நம்பாதோரும், அக்கிருதி திரிபுட தாளத்தில் வரிசை தவறாமல் அமர்ந்திருப்பதைக் காணலாம்.

இனி, தன்னொப்புமை வெளிப்படையாகத் தோன்றும் இடங்கள் மூன்றைச் சொல்லுவோம்.

முதலாவது காலம். மாணாக்கன் ஒருவன் ஸ்வர வரிசையை முதற் காலத்தில் பாடி, தாளத்தை மாற்றாமலே இரண்டாங் காலத்தில் இருமடங்கும் மூன்றாங் காலத்தில் நான்மடங்கும் விரைவாகப் பாடுகின்றான். வடிவம் ஒன்று, அளவு மூன்று. சங்கின் சுற்றுக்களை நினைவுறுக. இப்பயிற்சி எல்லார்க்கும் பொது. தீக்ஷிதரோ இதனைக் கிருதியின் அமைப்பிலேயே புகுத்தினார். மெல்ல நடக்கும் அநுபல்லவியின் ஈற்றிலும் சரணத்தின் ஈற்றிலும் மத்தியம கால ஸாஹித்தியம் என ஒரு பகுதி வரும். தாளம் அதுவே, சொற்கள் இருமடங்கு நெருக்கம். அதுகாறும் விரிந்த இராகம் அவ்விடத்திற் சிறு உருவாகச் சுருங்கிக் கண்முன் நிற்கும்.

இரண்டாவது யதி. பசுவின் வாலைப்போல அகன்று தொடங்கிக் குறுகி முடிவது கோபுச்ச யதி. ஆற்றைப்போலச் சிறிதாய்ப் பிறந்து விரிந்து செல்வது ஸ்ரோதோவஹ யதி. இவை பழைய இலக்கணங்கள் கூறியனவே. திருவாரூர்ப் பெருமான்மேல் ஆனந்தபைரவியில் பாடிய தியாகராஜ யோக வைபவம் என்னும் கிருதியில் இரண்டையும் தீக்ஷிதர் ஒருங்கே அமைத்தார். பல்லவியில் நீண்ட தொடரொன்று வருகின்றது. அடுத்த படியில் அதன் தலைப்பகுதி நீங்க, எஞ்சிய வால் மட்டும் வருகின்றது. அடுத்த படியில் அவ்வாலின் தலை நீங்குகின்றது. இவ்வாறு ஏழு படிகளில் ஓரெழுத்தில் வந்து முடிகின்றது. ஒவ்வொரு படியும் தனக்குப் பின் வரும் படிகள் அனைத்தையும் தன்னுள் அடக்கி நிற்றலின், பெட்டிக்குள் பெட்டியாக ஏழு பெட்டிகளைக் காண்கின்றோம். சரணத்தின் முடிவிலோ ஓரசையில் தொடங்கி, முன்னே முன்னே சொற்கள் சேரத் தொடர் நீண்டுகொண்டே செல்கின்றது.

இதனைச் சொல் விளையாட்டென்று தள்ளுவார் உளர். ஒருமுறை தாமே செய்ய முயன்றால் அவ்வெண்ணம் மாறும். தலை நீங்கி எஞ்சுவது வெறும் ஓசையாக இருத்தல் ஆகாது. பொருளுடைய வடசொல்லாக இருத்தல் வேண்டும். முதலில் இறைவன் பெயராயிருந்தது, பின்னர் மலையரசனாகவும், அதன்பின் இராஜ யோகமாகவும், யோகமாகவும், மகிமையாகவும் பொருள் மாறி மாறி வந்து, இறுதியில் ஒரு மந்திர எழுத்தாகின்றது. இவ்வளவும் தாளத்தில் அடங்கி, ஆனந்தபைரவியின் சாயலும் கெடாது நிற்றல் வேண்டும். கணிப்பொறி வளைகோட்டை மடித்து மடித்து ஸ்வரங்களைச் சொரியும், வடிவம் பிழைபடாது. ஆனால் சிறு துண்டு ஒவ்வொன்றும் முழுமையைப்போலவே தனக்கென ஒரு பொருளையும் உடையதாதல் அவ்வாய்பாட்டில் அடங்குவதன்று. வடிவமும் பொருளும் ஒரே வெட்டில் பிரியுமாறு சொற்களைத் தேர்ந்தெடுத்ததே தீக்ஷிதரின் செயல்.

மூன்றாவது இராகமாலிகை. திருவாரூரை அடுத்த குழிக்கரையில் எழுந்தருளிய விசுவநாதர்மேல் பதினான்கு இராகங்களில் அவர் பாடிய மாலையில், ஸ்ரீராகத்தில் தொடங்கிப் பூபாளம் வரை ஒவ்வோர் இராகமும் தன் அளவில் நின்று செல்கின்றது. பூபாளத்தை அடைந்தபின் பாட்டு நின்றுவிடுவதில்லை. அப்பதினான்கு இராகங்களும் தலைகீழ் வரிசையில், குறுகிய அளவில், விரைந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்து மீண்டும் ஸ்ரீராகத்திற் சேர்கின்றன. நெடுநேரம் நடந்து சென்ற வழியை மலையுச்சியில் நின்று ஒரு நொடியில் திரும்பிப் பார்ப்பது போல்வது இது. முழுப் பாட்டின் சிறு பிரதி, கண்ணாடியிற் கண்டாற்போலத் திரும்பிய பிரதி, பாட்டினுள்ளேயே இருக்கின்றது.

கணக்கு மிகுந்தால் உணர்ச்சி வறளும் என்பது பொதுவான குறை. தீக்ஷிதரின் பாட்டுக்கள் கடினமானவை என்று பாடகர் சிலர் ஒதுக்கியதும் உண்டு. எமக்குத் தோன்றுவது வேறு. மெல்ல நடக்கும் பாட்டு கேட்போன் மனத்தைத் தன்னோடு அழைத்துச் செல்ல வேண்டுமாயின், அவன் முன்பு கண்டதையே மற்றோர் அளவில் மீண்டும் கண்டு அடையாளம் கொள்ளுதல் வேண்டும். இக்கணக்கு அவ்வுதவியைச் செய்கின்றது. கேட்போன் அதனை எண்ணிப் பார்ப்பதில்லை, எண்ண வேண்டுவதுமில்லை.

இவ்வளவும் செய்தவர் செல்வராய் வாழவில்லை. பொருள் தரும் மனிதரைப் பாடுதற்கு அவர் இசையவில்லை. வறுமை மிக்க ஒரு நாளில் லலிதா இராகத்தில் ஹிரண்மயீம் என்னும் கிருதியால் இலக்குமியையே பாடினார் என்பர். தம்பி பாலுஸ்வாமி எட்டயபுரம் சமஸ்தானத்து வித்துவானாக அமர்ந்த செய்தி எட்டியதும், அவரைக் காணும் பொருட்டு மதுரை வழியே தெற்கு நோக்கிப் புறப்பட்டார். வழியில் கரிசற் பூமி வெடித்துக் கிடந்ததைக் கண்டு மனமுருகி அமிருதவர்ஷிணி இராகத்தில் பாட, மழை பொழிந்ததாம். அக்கதையை வரலாறாகக் கொள்ள எம்மால் இயலவில்லை. ஆனால் அவ்வட்டாரத்துக் கோடையை அறிந்தவர் யாரும் அப்பாட்டு ஏன் பிறந்தது என்று வினவார்.

எட்டயபுரத்து அரசர் அவரை வரவேற்று ஆதரித்தார். 1835-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் தீபாவளி. அன்று பூசையை முடித்து, மீனாக்ஷி மே முதம் தேஹி என்னும் தம் கிருதியை மாணாக்கர் பாடக் கேட்டவாறே தீக்ஷிதர் உயிர் துறந்தார். அவ்வாண்டும் மன்மத வருஷமே. அறுபது வருஷச் சுற்று ஒன்று திரும்பிவந்து, அதன் பங்குனி வருவதற்குச் சில மாதங்களே எஞ்சியிருந்தன.

அவரோடு அவர் பாட்டுக்களும் போயிருக்கக்கூடும். அக்காலத்தில் இசை ஏட்டில் நின்றதைவிடச் செவியில் நின்றதே மிகுதி. கோபுச்ச யதியில் ஓரெழுத்துப் பிறழ்ந்தால் பெட்டிகள் ஒன்றனுள் ஒன்று அடங்கா; இராகமாலிகையின் மீட்சியில் ஓர் இராகம் மறந்தால் கண்ணாடி உடைந்தது. தந்தையாரின் நூற்றெட்டு மாலைக்கு நேர்ந்த கதி அவருக்கும் நேராமைக்குக் காரணம், எட்டயபுரத்திலேயே தங்கிவிட்ட அவர் குடும்பம். பாலுஸ்வாமி தம் மகள் வயிற்றுப் பேரராகிய சுப்பராமரை மகனாக ஏற்று, தமையனார் கிருதிகளை வழுவின்றிக் கற்பித்தார். 1839-இல் பிறந்த சுப்பராம தீக்ஷிதர் அக்கருவூலத்தை வெளியிடத் தயங்கினர். குலதனத்தை அச்சில் ஏற்றுதல் எளிய முடிவன்று. அவர் தயக்கத்தை யாம் குறை கூறோம். சென்னை அரசாங்க அலுவலகத்தில் பணிபுரிந்தவரும், நம் இசையை மேனாட்டுக் குறிகளில் எழுதி வெளியிட்டவரும், கிறிஸ்தவருமாகிய சின்னஸ்வாமி முதலியார், கண்பார்வை குன்றிய நிலையிலும் எட்டயபுரம் வந்து மன்னரிடம் முறையிட்டார். மன்னர் வேண்ட, சுப்பராமர் இசைந்தார்.

1904-ஆம் ஆண்டில் எட்டயபுரம் வித்தியா விலாஸினி அச்சுக்கூடத்தினின்றும் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி வெளிவந்தது. தெலுங்கு எழுத்தில், எழுபத்திரண்டு மேள வரிசையில், முத்துஸ்வாமி தீக்ஷிதரின் கிருதிகள் 200-க்கு மேற்பட்டவை ஸ்வரமும் கமகக் குறிகளும் தாள அளவும் பிறழாது அச்சேறின. கரிசற்காட்டுச் சிற்றூர் ஒன்றில் அக்குறிகளை எழுத்தெழுத்தாகக் கோத்தவர்களின் பொறுமை யாது கூலி பெற்றதோ! சுப்பராமர் 1906-இல் காலமானார். அப்பொழுது இருபத்துமூன்று வயதினராய் இருந்த பாரதியார் அவர்மேல் இரங்கற்பா எழுதினார். பிற்காலத்தில் சென்னை மியூசிக் அகாடமியார் அந்நூலைத் தமிழ் எழுத்திலும் வெளியிட்டமையால், ஆனந்தபைரவியின் அவ்வேழு படிகளை இன்று தமிழ் மட்டும் அறிந்த மாணவனும் விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம்.